காய்ந்த படி

வெள்ளிக்கிழமை, லிட்கம்

இன்று எங்கள் லிட்கம் ஸ்டேசன் வாசலில் இவர் என் கையை வெடுக்கென்று விட்டதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. எதிரே, கோயிலில் காணும் மலர் அன்ரி வந்துகொண்டிருந்தார்.

போன கிழமை வியட்நாமில், மலைச்சரிவு வயல்களுக்குள் நடக்கத் தொடங்கிய முதல் நாளே, வரம்பில் சறுக்கி முழங்கால்வரை சேற்றுக்குள் போனேன். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே என் கையை எடுத்து இவருடைய கைக்குள் வைத்தாள். கலியாணத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் இவர் என் கையைப் பிடித்தது அன்றுதான். அதன்பிறகு கிராமம் கிராமமாக, எருமைகளைத் தாண்டி, மூங்கில் பாலம் தாண்டி, விடவேயில்லை. அகலமான தார் ரோட்டிலும் பிடித்தபடியே வந்தார். நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் விட்டுவிடுவார்.

இன்று விட்டுவிட்டார்.

"ஆர் கண்டால் என்னப்பா? நான் உங்கட மனிசிதானே?" என்று கேட்டேன். இவர் இரண்டடி முன்னால் நடக்கத் தொடங்கினார். வீடுவரை நான் பின்னாலேயே வந்தேன்.

வாசலில் முதல் படி ஏறியவர், திரும்பிக் கையை நீட்டினார்.

"கவனம், வழுக்கும்."

இங்கே மழை பெய்து எத்தனையோ நாள். படி காய்ந்து கிடந்தது. நான் கவனமாகப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.