மொட்டைத் தலைப் படம்

அன்புள்ள அயின்போக்கா,

நீயும் ஆடுகளும் நலமா? எனக்குக் குதிகால் வெடிப்பு மட்டும்தான்.

நம் ஊர்ப் பெண்கள் பின்னும் கூடைகளை நியாய விலை கொடுத்து வாங்கி விற்கும், நான் காவல் காக்கும் நியாய வணிகக் கடையில் நேற்று உன் படத்தை மாட்டினார்கள். கடைக்காரி டெடெய் ஒருவரிடம், "பாவம், புருஷன் செத்துட்டான், கூடை பின்னிப் பொழைக்குது" என்றாள். நான் குறுக்கே புகுந்தேன்.

"அந்தப் புருஷன் நான்தான்."

"அப்ப நான் இந்த ஊர் ராணி. படத்துல மொட்டைத் தலையைப் பாத்தாலே தெரியலையா, தாத்தா?"

உன் அப்பா சாவுக்கு அடித்த மொட்டை அது. படத்தைக் கழற்றும்வரை வாசலை விட்டு நகரமாட்டேன் என்று வழியை மறித்து நின்றேன். கழற்றினாள். இப்போது என் அறையில் இருக்கிறது.

வெடிப்பில் தடவ ஷியா வெண்ணெய் கொஞ்சம் அனுப்பு. முடி வளர்ந்த படம் ஒன்றும் அனுப்பு. இரண்டு மழைக்காலமாக நான் வரவில்லைதான். அதற்காக நான் செத்துவிட்டதாக நீயே கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கமாட்டாய். இருந்தாலும் ஒரு வரி எழுது.

உயிரோடிருக்கும் உன்
அகோல்கோ