வெயிலில் சிவந்த தண்ணீர்

தோல் மண்டியில் இன்று காலை ஒரு வினிகர் சீசா உடைந்தது. கணக்குப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். நான் அங்கேயே நின்றேன். உன் பள்ளிக்கூடத்து ரசாயன அறை அப்படித்தான் மணக்கும், தோஸ்த். நீ கண்ணை மூடி இரண்டு கோடை ஆகிவிட்டது, மூக்கு மறக்கவில்லை.

அப்போது ஆம்பூரில் நான் வாங்கப் பார்த்த நிலத்தில்தான் அந்தத் தெருக் கிணறு இருந்தது. தோல் ஷெட்டு ஆட்களின் குடும்பங்களுக்குக் குடிக்க அது ஒன்றுதான்; அதை விட்டால் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். சுகாதார அதிகாரி கேட்டு, என் ஆட்கள் சீசாவில் பிடித்து அனுப்பிய தண்ணீர், பரிசோதனையில் மருந்து விட்டதும் ரோஜா நிறமாகச் சிவந்தது. சிவந்தால் புது அசுத்தம் கலந்திருக்கிறது என்று அர்த்தமாம். கிணற்றை மூடச் சொல்லிவிட்டார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல செய்தி. கிணறு போனால் நிலத்தின் விலை இறங்கும்.

நீதான் கேட்டாய்: "அந்த சீசா பகலெல்லாம் எங்க இருந்துச்சி?"

களத்தில். மேலே ஒட்டிய சீட்டு நனைந்துவிட்டதென்று ஆட்கள் அதைக் காயும் தோல்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். ஈரமான எதையும் வெயிலில் போடுவதுதான் எங்கள் களத்துப் பழக்கம்.

மறுநாள் நீயே அதே கிணற்றில் இறைத்த ஒரு வாளித் தண்ணீரை இரண்டு சீசாவில் பிடித்து, ஒன்றுக்கு மட்டும் கறுப்புத் துணி சுற்றி, இரண்டையும் களத்தில் வைத்தாய். குடத்தோடு நின்ற ஒருத்தி சிரித்தாள்.

"இன்னா வாத்தியாரே, எங்க குடத்துல ஒருநாளும் செவக்காத தண்ணி உங்க சீசாவுல மட்டும் செவக்குது?"

"குடத்தக் கொண்டா, என் மருந்த ஊத்துறேன். செவக்குதா பாரு."

"அய்யோ, கிட்ட வராதீங்க!"

சாயங்காலம் மருந்து விட்டாய். வெயில் பட்டது சிவந்தது. துணி சுற்றியது தெளிவாகவே நின்றது. தெருவே கைதட்டியது. உன் முகம் மட்டும் தெளியவில்லை.

"அப்ப தண்ணி நல்லதுதானே?" என்றேன்.

"எங்கய்யா நல்லது? வெயில் புதுசா ஒண்ணும் கொண்டாந்து போடல. தோல் கழுவுன தண்ணி, சாணி, மூத்திரம் எல்லாம் மண்ணுல எறங்கி வெடியுப்பாட்டம் ஒரு உப்பா ஊறிக் கெடக்குது. அதுல இருக்கிற பிராணவாயுவ வெயில் கொஞ்சம் பிச்சி எடுத்திச்சி. மிச்சந்தான் செவக்குது. புது அசுத்தம் இல்ல, பழசு ஜாஸ்தி."

"மூடணுமா, வேணாமா?"

"மூடிட்டா இன்னாத்த குடிப்பாங்க? தொறந்து வெச்சா இன்னா ஆகும்னு எனக்குத் தெரியல, முதலாளி."

நீ எழுதிக் கொடுத்ததை அதிகாரி ஒப்புக்கொண்டார், கிணறு தப்பியது. 'தெரியல' என்ற அந்தச் சொல் என்னிடம் தங்கிவிட்டது. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரைப் புகட்டும் தாயைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன். கேட்கலாம் என்றால் நீ இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பேரம்தான்.

நேற்று அந்த நிலத்தைப் பேசி முடித்தேன். சொன்ன விலைக்குக் கம்மியாகக் கேட்கவில்லை. நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: மேட்டுப் பக்கம், தோல் தண்ணீர் போகாத மண்ணில், தெருவுக்கு ஒரு புதுக் கிணறு, வெட்டுக்கூலி என்னுடையது. அதன் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, குடிக்கலாம் என்று அதிகாரியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். அதுவரை நிலம் என் பேருக்கு மாறாது; ஒரு தோலும் அங்கே நனையாது.