நான் சொன்ன ‘பரவாயில்லை’

பிப்ரவரி 11
எழுதப் படிக்க வராது எனக்கு. நான் பேசப் பேச ஃபோன் எழுதிக்கொள்கிறது. மகள் கில்லியன் செய்து கொடுத்தது. இன்று மீன் வறுத்தேன். இரண்டு துண்டு. இரண்டாவது யாருக்கு?

பிப்ரவரி 19
வின்னி செத்ததற்கு மரண விசாரணை உண்டாம், ஏப்ரலில். இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. அப்புறம் நுரையீரலில் ரத்தக்கட்டி. அது ஏன் வந்தது? ஐம்பது வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டி. தெரியாமல் நான் போகக்கூடாது.

மார்ச் 3
கில்லியன் எழுதிக் கேட்டதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து பதில். கில்லியன் வாசித்தாள். தவறு நடந்தால் குடும்பத்திடம் ஒளிக்காமல் சொல்வது அவர்கள் கடமையாம். இறந்த அன்றே கணவரிடம் சொல்லியாயிற்றாம். அவர் ‘பரவாயில்லை’ என்றாராம்.
“என்னப்பா சொன்னாங்க?”
“ஒண்ணும் சொல்லலையே.”
“அப்ப எதுக்குப் பரவாயில்லைன்னீங்க?”

மார்ச் 4
எல்லாம் நினைவிருக்கிறது. கட்டிலைச் சுற்றி நீலத் திரை. நர்ஸ் பெதனி உள்ளே வந்தாள். “மன்னிச்சிருங்க ஐயா, அந்த ஊசி...” அதற்குள் அழுகை. நான் என்ன செய்தேன்? என் டீயை அவள் கையில் கொடுத்தேன். “பரவாயில்லைம்மா. விடு. அழாதே.” இங்கிலாந்துக்காரன் வாய். பஸ்ஸில் காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். அங்கே வின்னி செத்துக் கிடக்கிறா, நான் பரவாயில்லைங்கறேன் —
எந்த ஊசி?

மார்ச் 5
கில்லியனிடம் சொன்னேன். “வீடு பத்தி எரிஞ்சாலும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு தீயணைப்புக்காரனைத் திருப்பி அனுப்பிருவீங்க” என்றாள். பெதனியைச் சாட்சியாகக் கூப்பிடச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் கேட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 15
நாளைக்கு விசாரணை. அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமோ?

ஏப்ரல் 16
ஆஸ்பத்திரி மேலாளர், குடும்பத்துக்குத் தெரிவித்தோம், அவர்களுக்குக் குறையில்லை என்றார். விசாரணை அதிகாரி ஒரு அம்மா. “அவர் உங்களுக்கு ஆறுதல் சொன்னார், சரி. நீங்க அவருக்கு என்ன சொன்னீங்க?” மேலாளர் காகிதத்தைப் புரட்டினார்.
பிறகு பெதனி. என்னைப் பார்த்ததும் கண் கலங்கிற்று. அந்தச் சொல் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.
அவள் சொல்லி முடித்தாள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி. வார்டு மாற்றியபோது விட்டுப்போயிற்று, பிறகு யாரும் போடவே இல்லை. “அன்னைக்கே முழுசாச் சொல்ல வந்தேன். அப்புறம், அவரே கேட்கலை, நீ எதுக்குக் கிளறுறேன்னு மேலிடத்துல சொன்னாங்க.”
ஊசி போட்டிருந்தால் வின்னி அநேகமாகப் பிழைத்திருப்பாள். அதிகாரியம்மா அப்படித்தான் முடிவு சொன்னார்.
வாசலில் பெதனி நின்றாள். “மன்னிச்சிருங்க ஐயா.”
“கேட்டுக்கிட்டேன்மா” என்றேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 24
பஸ்ஸில் ஒருவன் என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான்.
வலிக்குது என்றேன்.