மூன்றாம் கொட்டகை விமானத்தின் முத்திரையை அறுத்தது பற்றி

அனுப்புநர்:
உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் மற்றும் விமானி,
மூன்றாம் கொட்டகை, சிறுவிமான ஓடுதளம்,
ஆற்றின் கிழக்குக் கரை.

பெறுநர்:
மண்டல விமானப் பதிவு அலுவலர் அவர்கள்.

பொருள்: இராணுவம் கழித்த வேவு விமானத்தை நோயாளி ஏற்றும் விமானமாக மாற்றியது – ஆய்வு செய்யாமலே பதிவு மறுத்தது – விமானத்தை வெட்டிப்போடும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலக நோட்டீஸ், நவம்பர் 12.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நோட்டீஸில் என் மீது சொல்லப்பட்டுள்ள குற்றம் உண்மை. நவம்பர் 8 காலை, தங்கள் அலுவலகம் புரொப்பெல்லரில் கட்டியிருந்த கம்பியையும் ஈய முத்திரையையும் நானே அறுத்தேன். மன்னிப்புக் கேட்டு இம்மனுவை எழுதவில்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. இது ஒற்றை எஞ்சின் விமானம். இறக்கை தலைக்கு மேலே இருக்கும். முன்னால் விமானி, பின்னால் கவனிப்பவர், சுற்றிலும் கண்ணாடி. இராணுவத்தில் எதிரி நடமாட்டத்தைப் பார்க்கவும், தபால் கொண்டுபோகவும் உழைத்தது. கழித்துக்கட்டியபோது ஏலத்தில் எடுத்தேன். மூன்று வருடம் வேலை செய்தேன். பின்சீட்டைக் கழற்றி, ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்குக் கதவை அகலமாக்கி, பக்கத்தில் ஒருவர் ஒடுங்கி உட்கார ஒரு மடக்கு இருக்கை வைத்தேன். இறக்கைக்கு அடியில் புகைக்குண்டு மாட்டும் கொக்கிகளை எடுத்துவிட்டு, துளைகளைத் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடினேன். ஸ்ட்ரெச்சருக்கு அளவு சொன்னவர் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் நாத்தனார். அவரே அதில் படுத்துப் பார்த்து, தலை இடிக்கிறது என்று இரண்டு முறை என்னைப் பிரித்து மாட்ட வைத்தார்.

3. பதிவுக்கு விண்ணப்பித்தபோது, பறந்த நேரமும் பார்த்த பழுதும் குறித்த இராணுவக் காலத்து லாக் புக் வேண்டும் என்றீர்கள். இராணுவத்தைக் கேட்டேன், ரகசியம், தர இயலாது என்றார்கள். அந்தப் பதிலையே தங்களிடம் கொடுத்தேன். லாக் புக் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. இப்படி நான்கு முறை. எஞ்சினை முழுதாகப் பிரித்து வைக்கிறேன், ஒவ்வொரு பாகத்தையும் அளந்துகொள்ளுங்கள் என்று எழுதியதற்குப் பதிலே இல்லை.

4. ஐந்தாம் முறை உதவி ஆய்வாளர் நேரில் வந்தார். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவர் கொட்டகை வாசலைத் தாண்டவில்லை. "சுடுற வண்டிக்கு எப்படிம்மா பொதுஜன நம்பர் குடுக்கிறது?" என்றார். "இது சுடுற வண்டி இல்ல சார், பாக்குற வண்டி. நீங்களும் கொஞ்சம் உள்ள வந்து பாருங்க" என்றேன். என் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. முத்திரை அன்றுதான் விழுந்தது.

5. நவம்பர் 7 வெள்ளத்தில் பாலம் போனது. மறுநாள் காலை, மேற்குக் கரையில் மரம் அறுக்கும் மில்லில் அடுக்கியிருந்த கட்டைகள் சரிந்து ஒரு தொழிலாளியின் இரண்டு கால்களும் நசுங்கின. படகு இறக்க முடியாது. மலையைச் சுற்றி இந்தக் கரை மருத்துவமனைக்கு வந்தால் ஏழு மணி நேரம். மருத்துவமனை கேட்ட ஹெலிகாப்டர் மாலைக்குமுன் வராது என்று தெரிந்தது. நாத்தனார் போன் செய்தார்: "அண்ணி, மத்தியானம் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. நான் பையோட கிளம்பிட்டேன். வண்டிய வெளிய எடுங்க."

6. மில்லில் மரம் காயவைக்கும் திடலில் இறங்கினேன். இருநூறு மீட்டர் இருக்கும், முழுக்கச் சேறு. பயணிகள் விமானம் எதுவும் அங்கே இறங்காது. மேட்டிலும் சேற்றிலும் இறங்குவதற்காகவே இதைக் கட்டினார்கள். தாங்கள் குறையாகக் காட்டும் இராணுவப் பிறப்புதான் அன்று கைகொடுத்தது. திரும்ப எழும்பும்போது சக்கரத்தைச் சேறு விடவில்லை. வேலி நெருங்கியது. பின்னால் நாத்தனார் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கண் மூடாமல் இருக்க, பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேலியை ஓர் ஆள் உயரத்தில் தாண்டினோம். பதினொரு நிமிடத்தில் இந்தக் கரை. ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார். மருத்துவரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.

7. "பறக்கத் தகுதியற்ற விமானம்" என்கிறது நோட்டீஸ். அது ஆற்றை இருமுறை கடந்து, சேற்றில் இறங்கி ஏறி, சேதமின்றித் திரும்பியது என்றும் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எதை நம்புவது என்று தாங்களே சொல்ல வேண்டும். என் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தியதை எதிர்த்து ஒரு சொல்லும் எழுதவில்லை. செய்தது நான், தண்டனையும் எனக்கு. விமானத்தை டிசம்பர் 1க்குள் வெட்டிப்போட வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

8. ஆகவே அந்த உத்தரவை ரத்து செய்து, லாக் புக்குக்குப் பதிலாகப் பாகங்களை அளந்து ஆய்வு செய்யும்படியும், அதற்குத் தாங்களே நேரில் வரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ரிவெட் தவறாக இருந்தாலும் சொல்லுங்கள், திருத்துகிறேன். பறக்கவே தகாது என்று அளந்து நிரூபித்தால், வெட்டும் ஆட்களுக்கு நானே கதவைத் திறந்துவிடுவேன். அளக்காமல் வந்தால் கதவு திறக்காது.

9. புதிய பாலத்துக்கு எட்டு மாதம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் மேற்குக் கரையிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறுபடியும் போவேன். முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, இதை எழுத்தில் தந்துவிடுகிறேன்.

தங்கள் வருகைக்காக எஞ்சின் மூடியைத் திறந்து வைத்திருக்கும்,

(கையொப்பம்)
விமானப் பராமரிப்புப் பொறியாளர்

இடம்: மூன்றாம் கொட்டகை
நாள்: நவம்பர் 19