அறுந்ததாகத் தெரிந்த ரத்தக்குழாய்

நாளை மாலை சூரிய கிரகணமாம். பக்கத்து வீட்டு மருமகள் இன்று காலை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், ஒங்ககிட்ட கறுப்பா, பெருசா ஒரு ஸ்கேன் படம் இருக்காமே. குடுத்தீகன்னா அத வச்சு கெரகணத்தப் பாத்துட்டுத் தந்துருவோம்" என்றாள். அவள் கேட்டது உன் படத்தை. அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் கெடும் என்றேன். "எல்லாரும் அப்படித்தான பாக்குறாக" என்றாள். எல்லாருக்கும் கெடட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் போனபின் பீரோவைத் திறந்து உறையை எடுத்தேன். உள்ளே இரண்டு படங்கள். முதலில் எடுத்தது, மறுமுறை எடுத்தது. இரண்டும் உன் கழுத்துதான். கறுப்புப் பரப்பில் வெள்ளை வெள்ளையாக மேலேறும் ரத்தக்குழாய்கள். உன் முகம் எனக்கு இப்போது சற்று மங்கலாகத்தான் நினைவில் வருகிறது. கழுத்தின் உட்புறம் மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. ஒரு தோழியை நினைவில் வைத்துக்கொள்ளும் முறை இதுவல்ல என்று நீ சொல்லியிருப்பாய்.

உனக்கு அது தொடங்கியது என் சமையலறையில். பேசிக்கொண்டிருந்தபோதே உன் இடக்கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. விரல்கள் உன் பேச்சைக் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் சரியாகிவிட்டது. அடுத்த வாரம், வலது கண்ணில் யாரோ மேலிருந்து படுதாவை இறக்கிப் பிறகு தூக்கியதுபோல் இருந்ததாகச் சொன்னாய். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். உன் தேவாலயத்தின் பங்குச் சாமியார் உபவாசத்தைக் குறைக்கச் சொன்னார். மதுரையில் வேலை பார்க்கும் உன் அண்ணன் மகனின் மனைவி, வயசு என்றாள். நான் மட்டும் உன்னை நம்பினேன். அன்பு அதற்குக் காரணமில்லை. முப்பது வருடம் சரித்திரம் நடத்தியும் ஒரு அரசனைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தெரியாதவள் நீ. படுதா என்று நீ சொன்னால் அது படுதாதான்.

ஆகவே மதுரைக்குப் போனோம். அண்ணன் மகன் எல்லா ஏற்பாடும் செய்திருந்தான். அவனுடைய சுறுசுறுப்பே எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே செக்காலையில் தனி வீட்டில் இருக்கும் அத்தையிடம் அதுவரை வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு வந்துபோனவன் அவன்.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கொண்டை ஊசி, மூக்குக்கண்ணாடி, சிலுவைச் சங்கிலி, செபமாலை எல்லாவற்றையும் கழற்றி என் மடியில் போட்டார்கள். உள்ளே இருப்பது பெரிய காந்தம், இரும்பு ஆகாது. ஊசி இல்லை, மருந்து இல்லை. ஓடுகிற ரத்தம் வெண்மையாகவும் அசையாத சதை இருட்டாகவும் விழும் என்றார்கள். பௌதிகம் படித்தவளுக்கு அது புரிந்தது. புரிந்ததனாலேயே சந்தேகமும் வந்தது. ஓட்டத்தைப் படம் பிடிக்கும் கருவி, படுத்திருப்பவரின் அசைவையும் சேர்த்துத்தானே பிடிக்கும்? கேட்டேன். "அசையக்கூடாதுன்னு சொல்லிருக்கோம் மேடம்" என்று பதில் வந்தது. சொல்வதும் நடப்பதும் ஒன்று என்று நம்புகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பாடம் நடத்திப் பார்க்க வேண்டும்.

இளம் டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். வலப்பக்கத்துக் குழாய் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. சென்னைக்குப் போய்க் கழுத்தைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். அந்த அறுவையிலேயே பக்கவாதம் வரவும் இடமுண்டு. செய்யாவிட்டாலும் வரலாம் என்றார். நீ தலையாட்டினாய். அண்ணன் மகன், "பண்ணிருவோம் சார்" என்றான், வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சம்மதிப்பதுபோல.

மறுநாள் காலை, உன்னிடம் கேட்டு வாங்கி வந்திருந்த அந்தப் படத்தை என் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கத்துக் குழாய் ஓரிடத்தில் அறுந்திருந்தது உண்மை. ஆனால் இடப்பக்கத்துக் குழாயும் அதே உயரத்தில் விலகி நின்றது. பின்னால் ஏறும் மெல்லிய குழாய்கள் இரண்டும் அதே கோட்டில் படிக்கட்டுப்போல் உடைந்திருந்தன. நோய் என்ன, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டா வரும்?

படத்தோடு உன் வீட்டுக்கு வந்தேன். நீ சென்னைப் பயணத்துக்குப் புடவை மடித்துக்கொண்டிருந்தாய்.

"உள்ள இருக்கப்ப அசஞ்சியாடி?"

"பொணமாட்டம் கெடந்தேன். அந்தச் சத்தத்துல எவ அசைவா?"

"வாய்?"

"வாய் என்ன பண்ணுச்சு?"

"செபம் சொன்னியா?"

நீ மடித்த புடவையை மறுபடி விரித்தாய். "மாலையத்தான் புடுங்கிட்டாகளே. வெரல எண்ணித்தான் சொன்னேன். சத்தமில்லாம. அதுல ஒனக்கு என்ன நோவு?"

எனக்குப் புரிந்துவிட்டது. இயேசு என்ற பெயர் வரும்போதெல்லாம் தலையைத் தாழ்த்த வேண்டும் என்று கன்னியாஸ்திரீகள் சிறுவயதில் உனக்குப் பழக்கியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் வாசிக்கும்போது இயேசுதாஸ் என்ற பெயர் வந்தால்கூட உன் மோவாய் ஒரு முறை இறங்கி ஏறும். செபமாலையில் மணிக்கு ஒன்றாகச் சொல்லும் அருள்நிறை மந்திரம் ஒவ்வொன்றிலும் அந்தப் பெயர் உண்டு. தலையை இருபுறமும் பஞ்சு வைத்து இறுக்கியிருந்தார்கள். மோவாயை யார் இறுக்கினார்கள்? செபமாலை முழுவதும் உன் தொண்டை ஏறி இறங்கியிருக்கிறது.

அதைச் சொன்னேன். "நான் குனியவே இல்ல" என்றாய்.

"இயேசுன்னு சொல்லு."

சொன்னாய். மோவாய் இறங்கியது. விரித்த புடவையை மறுபடி மடிக்கத் தொடங்கினாய்.

மறுபடி மதுரை. டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க டாக்டரா மேடம்?" என்றார். "பௌதிக ஆசிரியை. நாலு குழாயும் ஒரே உயரத்துல ஒடஞ்சிருக்கு. நீங்க படிச்ச நோய்ல அப்படி வருமா?" என்றேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் படத்தை மீண்டும் மாட்டினார், அருகில் போய்ப் பார்த்தார். அப்போது அண்ணன் மகன் எழுந்து, "இன்னொரு தடவ எடுத்துருங்க சார். கழுத்துல கத்தி வைக்கிற காரியம்" என்றான். அவன் அப்படிச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் சொன்னான் என்று யோசித்துக்கொண்டும் இருந்தேன்.

நீயோ முரண்டு பிடித்தாய். "செபம் இல்லாம அந்தக் குழிக்குள்ள என்னால கெடக்க முடியாது. வேணும்னா நீ போயிப் படுத்துக்க."

"பரலோக மந்திரம் சொல்லு. அதுல அந்தப் பேரு கெடையாது. அதையும் மனசுக்குள்ள சொல்லு. நாக்கு அசையக்கூடாது."

சற்று யோசித்து, மனத்துக்குள் வரி வரியாகச் சரிபார்த்து, "ஆமாடி, இல்ல" என்றாய். "குன்றக்குடிக்குக் காவடி தூக்குற வீட்டுப் பொண்ணுக்கு இது எப்படித் தெரியும்?" பள்ளியில் காலை வழிபாட்டில் முப்பது வருடம் கைகட்டி நின்றவளுக்குக் காது இருந்தது என்றேன்.

இரண்டாவது படத்தில் இடப்பக்கம் ஒழுங்காக ஓடியது. வலப்பக்கத்தில் சுருக்கம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடைப்பு இல்லை. பாதி வழி திறந்திருந்தது. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போதும் என்றார் டாக்டர். பேருந்தில் திரும்பும்போது, திருப்பத்தூர் தாண்டியதும், மாத்திரைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாய். பிறகு, "டாக்டர நம்ப மாட்டேங்குற, மிசின நம்ப மாட்டேங்குற, ஆண்டவரயும் நம்ப மாட்டேங்குற. எனக்குக் கண்ணு இருட்டுதுன்னு சொன்னத மட்டும் எப்படி நம்புன?" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ சரித்திரப் பாடம் நடத்திய விதம்தான் காரணம் என்று உன்னிடம் சொல்லியிருந்தால் அத்தோடு நம் நட்பு முடிந்திருக்கும்.

படுதா மறுபடி இறங்கவில்லை. மாத்திரையை நீ ஒழுங்காக விழுங்கினாய். போன வருடம், சவேரியார் திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். எதைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்டேன். அந்த வயதில், அப்படிப் போனால், அதுதான் என்றார்கள். மார்பா, கழுத்தா, தலைக்குள்ளேயா என்று எவரும் பார்க்கவில்லை. இறந்தவளின் ரத்தம் ஓடுவதில்லை. அந்தக் கருவியும் அதற்குமேல் எதையும் காட்டியிருக்காது.

கத்தி வைத்திருந்தால் நீ இன்னும் இருந்திருப்பாயா? அல்லது அந்த மேசையிலேயே போயிருப்பாயா? முதல் படம் பொய் என்பதை நான் நிரூபித்தேன். இரண்டாவது படம் முழு உண்மை என்பதை யாரும் நிரூபிக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் உன் அண்ணன் மகன் என் வீட்டுக்கு வந்தான். இரண்டு படங்களும் இருந்த இந்த உறையை அன்றுதான் என்னிடம் கொடுத்தான். "நீங்க சொன்னதுனாலதான் டீச்சர், அத்தை இம்புட்டு நாள் இருந்தாக" என்றான்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெரியாது டீச்சர். அப்படி நெனச்சுக்கிறேன்."

அவன் வாயிலிருந்து வந்தவற்றில் நான் முழுதாக நம்பியது அதுவொன்றைத்தான். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். அவனைப்போல நினைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. அவன் சொன்னதில் தெரியாது என்ற முதல் வார்த்தையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அதையே வைத்திருக்கிறேன்.