இஷ்ரத் வரைந்த படகு

திருவொற்றியூர் குப்பம்
3.2.2025

தங்கச்சி இஷ்ரத்துக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. போனில் என்றால் வாய் வராது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன், பிழை இருக்கும்.

போன வருசம் கரையில் எங்கள் படகை வரைந்தீர்களே, அப்போது கத்தினவள் நான்தான். மீன் விற்றுவிட்டு வந்தால், என் வீட்டுக்காரர் டென்னிஸ், கோயில் திருவிழாவுக்கு எடுத்த சட்டையைப் போட்டு, தலைவாரி, உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கடலுக்குப் போகிற ஆள் சும்மா ஒரு நாளில் அந்தச் சட்டை போடுவாரா? "இன்னாமா, ஊர்ல வேற ஆம்பளையே கெடைக்கலியா உனுக்கு?" என்று அத்தனை பெண்கள் முன்னால் கேட்டேன். மீன் கழுவின தண்ணீரையும் உங்கள் மேல் ஊற்றினேன். "வுடு சிலுவ, மானத்த வாங்காத" என்று எழுந்து போனவர்தான், அந்தச் சட்டையை மறுபடி தொடவில்லை. நவம்பரில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதைப் போட்டுத்தான் பெட்டியில் வைத்தோம்.

நேற்று ராயபுரத்தில் படக் கண்காட்சிக்கு மகள் கூட்டிப் போனாள். எங்கள் படகு! வானம் மஞ்சளும் சிவப்புமாக. பின்னால் புகை விடுகிற கம்பெனி சிமினியை எல்லாம் எங்கே ஒளித்தீர்கள்? ஆனால் அவர் இல்லை. அங்கேதான் உங்கள் விலாசம் கொடுத்தார்கள். வீட்டில் ஆதார் படத்தைப் பெரிசாக்கி மாட்டியிருக்கிறோம், அதில் முறைக்கிறார். படகருகில் அவரைச் சேர்க்க முடியுமா? கேட்கவே கூசுகிறது.

சிலுவையம்மாள்


வண்ணாரப்பேட்டை
10.2.2025

சிலுவை அக்காவுக்கு,

மீன் வாடை துவைத்ததும் போய்விட்டது, அதை விடுங்கள். அண்ணன் போனது எனக்குத் தெரியாது.

அவர் படத்தில் இருக்கிறார், அக்கா. வரைந்திருந்தேன். நீங்கள் திட்டின பிறகு பயந்து மேலே மணல் நிறம் பூசிவிட்டேன். அன்று அவரை வரைந்ததும், இத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இருமா, எம் பொண்டாட்டி வந்துகினு கீறா. ரெண்டு பேரையும் சேத்துப் போடு" என்றார். அதற்குத்தான் அந்தச் சட்டை. அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

பூச்சைச் சுரண்டிப் பார்க்கவா? முகம் கலைந்தாலும் கலையும். எப்படியானாலும் படம் உங்களுக்குத்தான்.

இஷ்ரத்


திருவொற்றியூர் குப்பம்
17.2.2025

தங்கச்சி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். இரண்டு நாள் மீன் கூடை எடுக்கவில்லை.

இன்று ஏலம் முடிந்ததும், அன்று வேடிக்கை பார்த்த பெண்களை நிறுத்தினேன். "எனுக்காகத்தான் அவுரு குந்திகினு இருந்தாரு. நான்தான் கேவலமா பேசிட்டேன், அந்தப் பொண்ணையும் அசிங்கப்படுத்திட்டேன்" என்றேன். அவர்களில் ரெஜினா, "செத்தப்பொறம் இன்னாத்துக்குக்கா இது?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

படத்தை அனுப்புங்கள். சுரண்ட வேண்டாம். எனக்காக உட்கார்ந்திருந்த மனுசனை ஒரு தரம் எழுப்பிவிட்டேன். இனி யாரும் எழுப்ப வேண்டாம்.

சிலுவையம்மாள்