முப்பத்தைந்துக்குக் கீழே வந்தால் வாய் திறப்பேன்

ஜூலை 7, திங்கள்

கீழ் வரிசை இடது கடைவாய்ப்பல். மூன்றாம் நாள். கிராம்பு, உப்புநீர், நல்லெண்ணெய் – ஒவ்வொன்றையும் நேரம் குறித்துச் செய்து பார்த்தாயிற்று. ராஜபாளையம் எட்வின் டாக்டரிடம் காட்டச் சொல்கிறாள் என் மனைவி கனகலட்சுமி. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பல் டாக்டர்கள் இருக்கிறார்களே என்றேன். "இங்க இருக்கிறவியல்லாம் ஒங்ககிட்ட கெமிஸ்ட்ரி படிச்சவிய. அவிய முன்னால வாயைத் திறக்க மாட்டேன்னு நீங்கதான சொன்னீக?"

சொன்னேன்தான்.

28-ஆம் தேதி தேருக்கு மகள் கார்த்திகா வருகிறாள். நான் கஞ்சி குடிப்பதைப் பார்த்தால் "இனிமே தனியா இருக்க வேண்டாம்" என்று எங்கள் இருவரையும் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவாள். அதற்குள் பல் சரியாக வேண்டும்.

ஜூலை 9, புதன்

ராஜபாளையத்துக்குக் கார்த்திகா தந்த மீட்டரையும் எடுத்துப் போனேன். காற்றில் நுண்தூசி எவ்வளவு என்று காட்டும். எங்கள் கூடத்தில் 28. பஸ்ஸில் 61. கிளினிக்கில் – மூடிய ஜன்னல், ஏசி, உள்ளே யாருடைய பல்லையோ ராவும் சத்தம் – 140. இந்தக் காற்றில் அரை மணி நேரம் வாயைத் திறந்து வைப்பதா? 35-க்குக் கீழே வந்தால் திறப்பது என்று முடிவு செய்து, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இது அறிவியலா, பயமா?

ஜூலை 10, வியாழன்

மீட்டரே தவறோ என்ற சந்தேகம். அய்யனார் கோவில் அருவி வரை போய் அளந்தேன். 6. மீட்டர் சரி. பல்தான் சரியில்லை.

ஜூலை 11, வெள்ளி

மீண்டும் கிளினிக். வரவேற்பில் இருக்கும் பாண்டிசெல்வி மூலைக்கு மூலை சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். "கெட்ட காத்தெல்லாம் போயிரும்லா சார்." 612. எழுதினேன். நோட்டை எட்டிப் பார்த்தாள். "சார் எந்த ஆபீஸ்?" நான் பதில் யோசிப்பதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். டாக்டரே வெளியே வந்து கும்பிட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பனே சார்!"

சூடான காபி, இரண்டு உளுந்த வடை. காபியை வலது பக்கமாகக் குடித்தேன். வடையைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

ஏன் சொல்லவில்லை? நாக்கு இருக்கிறதல்லவா?

ஜூலை 15, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று போனேன். டாக்டர் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார், என் இடுப்பு உயரம். அரை மணி நேரம் ஓடியும் 138. டாக்டரின் முகம் வாடியது. "இன்னொண்ணு வாங்கிரட்டுமா சார்?"

காபி. வடை. கனகலட்சுமிக்கு வடை பிடித்திருக்கிறதாம்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. நேர் எதிரே சாம்பிராணி. மெஷினின் விளக்கு சிவப்பாகிவிட்டது. "கண்ணு செவக்குது பாருங்க சார், சக்தி வந்திருச்சு" என்றாள் பாண்டிசெல்வி. 705.

காபி வந்தது. ஒரு வாய்தான், இடது பக்கம் பட்டுவிட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. டாக்டர் பதறிவிட்டார். "எம்புட்டுத் தப்பு இருந்தாலும் சொல்லுங்க சார், சரி பண்ணிருதேன். சீல் மட்டும் வச்சிராதீக!"

"நான் ஆபீசர் இல்லை" என்றேன். "கடைவாய்ப்பல்."

டாக்டர் என் கன்னத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ அம்புட்டு வடையும்?" என்றாள் பாண்டிசெல்வி.

டாக்டர் சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. பிறகு, "சரி சார், மெஷின் ஓடியும் ஏன் குறையல?" என்றார். எனக்கும் அதுதான் உறுத்தல். குந்தி உட்கார்ந்து பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே வடிகட்டி, கம்பெனி பிளாஸ்டிக் கவரோடு அப்படியே.

"புதுசுல்லா சார்," என்றாள் பாண்டிசெல்வி. "அழுக்காயிரக் கூடாதுன்னு நான்தான் பிரிக்கல." டாக்டர் அவளைத் திட்டவில்லை. அவர் காரில் சீட் கவர் நான்கு வருடமாகப் பிரிக்கப்படவில்லையாம்.

கவரைப் பிரித்தோம். ஜன்னலைத் திறந்தோம். சாம்பிராணி மாடிப்படிக்குப் போயிற்று. 310. 120. 58. 36-இல் நின்றது. நின்றே இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

33.

நாற்காலியில் உட்கார்ந்தேன். மீட்டரையும் என் நோட்டையும் பாண்டிசெல்வி பிடித்துக்கொண்டாள். "முப்பத்தி ஒண்ணு சார்... இருபத்தெட்டு... பயப்படாதீக, ஒங்க வீட்டுக் காத்துதான்!" 26 என்றபோது பல் தட்டில் விழுந்தது.

ஜூலை 28, திங்கள்

தேர் நகர்ந்தது. கார்த்திகாவின் கண் முன்னால் வலது பக்கத்தில் இரண்டு முறுக்கு தின்றேன். சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். நாளை மறுநாள் அவள் மட்டும் சென்னை போகிறாள்.

"மீட்டர் எங்கப்பா?" என்றாள். பேச்சை மாற்றினேன். அது கிளினிக்கில், மெஷின் மேல், சந்தனப் பொட்டோடு இருக்கிறது. பாண்டிசெல்வி என் கதையைச் சொல்லப்போய், 35-க்குக் கீழே வந்தால்தான் வாய் திறப்போம் என்று நோயாளிகள் உட்கார்ந்துகொள்கிறார்களாம். டாக்டர் போனில் புலம்பினார்.

திருப்பிக் கேட்க வேண்டும். தைரியம் வரவில்லை.